பாக்குவெட்டியும் வெள்ளி ரூபாயும்

அன்புள்ள தம்பிக்கு,

உடைத்துவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன் அப்பச்சி சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரத்தில், நீ பத்துத் தடவை "மறந்தும் உடைச்சிராதீக" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து, உள்ளே இருந்த வெள்ளி ரூபாயை வெளியே எடுத்துவிட்டேன். முதலில் திருப்புளியால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு பாக்குவெட்டியை எடுத்து ஒரு மூலையில் வைத்து அமுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். பெட்டி இரண்டாகப் பிளந்தது, ரூபாய் என் மடியில் விழுந்தது. தரையில் விழவில்லை, அந்த ஒன்றுக்கு மட்டும் நீ சந்தோஷப்படலாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் வைத்துவிடுவாய், நானும் திரும்பக் கூப்பிட மாட்டேன், இரண்டு பேருக்கும் அந்த வீம்பு உண்டு. பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் சும்மா பேச்சுக்கு "இதை உடைச்சா என்னப்பா ஆகும்?" என்று கேட்டேன். அதற்கே நீ, "உடைச்சீகன்னா நான் படைப்புக்கே வரமாட்டேன்" என்றாய். முகத்தைப் பார்த்தால் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. கல்யாணமாகி உங்கள் இருவருக்கும் இது முதல் படைப்பு. நீ வராமல் போனால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் நீ ஊருக்குப் போய் மூன்று வாரத்துக்குள் இத்தனை பெரிய கடிதம். நித்யாவும் வாசிக்கட்டும். அவள் சென்னையில் பிறந்து வளர்ந்தவள், படைப்பு என்றால் சாப்பாட்டுப் போட்டியா என்று என்னிடம் கேட்டவள். அவளுக்காக, அப்பச்சி என்றால் அப்பா என்பது வரை, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நித்யா, நம் பங்காளி வீடுகள் எட்டு. எட்டு வீடும் ஒரே வழியில் வந்தவர்கள். அந்த வழியில் ஐந்து தலைமுறைக்கு முன்னால் வாழ்ந்தவர் சிகப்பி ஆத்தா. அவர் வீட்டுக்காரர் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனார், அதாவது வியாபாரத்துக்கு. முதல் சம்பாத்தியத்தில் ஒரே ஒரு புது வெள்ளி ரூபாயை ஊர் திரும்பிய ஒருவரிடம் ஆத்தாவுக்குக் கொடுத்தனுப்பினார். ஆத்தா அதைச் செலவழிக்கவில்லை. வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் பிரசவத்தில் இறந்துபோனார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை எட்டு வீடும் கூடி, ஆத்தாவுக்குப் புதுச் சேலை வைத்துச் சமைத்துப் படைக்கிறோம். அந்த ரூபாயைச் சிவப்புப் பட்டுத் துணியில் வைத்துச் சுற்றிலும் தைத்து ஒரு சின்னப் பையாக்கி, சேலை முந்தானையில் முடிந்து, ஓலையில் முடைந்த ஒரு பேழைக்குள் வைத்திருக்கிறோம். பேழை இரண்டு வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். இப்போது நம் முறை. இதில் ஒரே ஒரு கண்டிப்பு, பட்டுப் பையைப் பிரிக்கக் கூடாது. படைப்புக்கு நாள் பார்க்கக் கூடும்போது பேழை வைத்திருக்கும் வீட்டார் பையை எல்லாரிடமும் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் விரலால் அழுத்திப் பார்த்து "இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். எட்டு வீட்டிலும் "இருக்கு" என்றால்தான் நாள் குறிப்பார்கள்.

பிரிக்கக் கூடாது என்று ஒரு விஷயத்தை என் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எட்டு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தூரில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுத்தவள் நான். மூடி போட்ட பாட்டில் எதைப் பார்த்தாலும் திறந்து மோந்து பார்த்துத்தான் பழக்கம். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வருஷமே அந்தப் பையை அழுத்திப் பார்த்துவிட்டு "இருக்கு" என்று சொன்னேன், ஆனால் என்ன இருக்கிறது, எந்தத் தலை, எந்த வருஷம் என்று முப்பத்தெட்டு வருஷமாக மனது அரித்துக்கொண்டே இருந்தது. முன்னே நம் முறை வந்தபோதெல்லாம் அதற்குக் காவல் என் மாமியார். இந்தத் தடவை, உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பேழை நம் வீட்டுக்கு வந்தது. கல்யாணம் முடிந்து விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள், பிளேடை எடுத்துத் தையலை அறுத்தேன். நீ பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. நீயாகப் பிரித்தாய் என்று இதுவரை நான் அப்பச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். பிரித்தது நான். அதையும் போன வெள்ளிக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

அந்த ரூபாயை முதன்முதலில் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நேற்று அடித்தது மாதிரி இருந்தது. ராணியின் கிரீடத்தில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் கருநீலமாக, உள்ளே போகப் போகச் செம்பு நிறமாக ஒரு வளையம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் மெதுவாகப் போட்ட வர்ணம் அது. நான் அதைப் பார்த்தேன், நீ விலையைப் பார்த்தாய். தப்பாகச் சொல்லவில்லை, நீ சின்ன வயசிலிருந்தே காசு சேர்த்தவன், உனக்குத்தான் அது என்ன வகை என்று தெரிந்தது. அந்த வருஷத்தில் அந்த நாணயச்சாலையில் கொஞ்சமாக அடித்த வகை என்றாய். "அம்மா, பழைய காசுக்குத் தரம் போடுற கம்பெனி இருக்கு, இத அங்க அனுப்பி வாங்குவோம்" என்றாய். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மனுஷர்கள் ஒரு காசுக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. கொடுத்து அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அது அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. மேலே சீட்டு, சீட்டில் நம்பர், நம்பருக்குப் பக்கத்தில் மார்க். எழுபதுக்கு அறுபத்து நாலு. நான் திருத்தியிருந்தால் இன்னும் இரண்டு கூடப் போட்டிருப்பேன். அப்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். எட்டு வீட்டுக்கும் பொதுவான படைப்பு வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பின்கட்டில் மழை பெய்தால் அண்டா வைக்க வேண்டியிருக்கிறது, எட்டு வீட்டிலும் யாரும் முன்வரவில்லை. சென்னையில் ஒருவர் இந்த ரூபாயைப் பெட்டியோடு வாங்கத் தயாராக இருக்கிறார். அந்தப் பணத்தில் கூரையைச் சரி செய்துவிடலாம். பைக்குள் வேறொரு வெள்ளி ரூபாயை வைத்துத் தைத்துவிடலாம். "துணிக்குள்ள எது இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது? அழுத்துனா ரெண்டும் ஒண்ணுதான்" என்றாய். உனக்கென்று ஒரு பைசா நீ கேட்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சரி என்றேன். அதோடு விடாமல், காரைக்குடிக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் அதே அளவில் ஒரு தேய்ந்த ரூபாயும் வாங்கி வந்தேன். இந்தத் திட்டத்தில் நீ பாதி, நான் பாதி. பெரியவள் நான் என்பதால் என் பாதி கொஞ்சம் பெரிசு.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை நாள் பார்க்கும் கூட்டம். அதற்குள் பை தைத்தாக வேண்டும். ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துவிட்டு, தேய்ந்த ரூபாயைப் பட்டுத் துணிக்கு நடுவில் வைத்தேன். அந்தக் காசில் யார் யார் கை பட்டிருக்கும்? எந்தச் சந்தையில் மாடு வாங்கியிருக்கும், எந்தச் சீட்டாட்டத்தில் தோற்றிருக்கும்? காசு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்கும் சிகப்பி ஆத்தாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சனிக்கிழமை எட்டு வீட்டுக்காரர்களும் அதை அழுத்திப் பார்த்து "இருக்கு" என்று சொல்வதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். சரி, அசலையே வைப்போம் என்று உன் பெட்டியை எடுத்தால் அது பைக்குள் நுழையாது. பயத்தில்தான் உடைத்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், ஆனால் அது முழு உண்மை இல்லை. இந்தப் பெட்டியை எப்படி ஒட்டியிருக்கிறார்கள், பசையா சூடா என்று தெரிந்துகொள்ளும் அரிப்பும் இருந்தது. பசை இல்லை தம்பி. விளிம்பையே உருக்கி ஒன்றாக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை திறந்தால் திறந்ததுதான், மறுபடி மூட வழியே கிடையாது. உடைத்த பிறகுதான் அது புரிந்தது.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்தேன். அப்புறம் யோசித்தேன், நான் என்னத்தைக் கெடுத்தேன் என்று முதலில் தெரிந்துகொள்வோம். ரூபாயில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்தபோது இருந்த அதே வெள்ளி, அதே ராணி, அதே வளையம். பிளாஸ்டிக் மட்டும்தான் போயிற்று. அப்படியானால் விலை எப்படிக் குறையும்? இந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை காலை டவுன் பஸ் பிடித்து, தேய்ந்த ரூபாய் வாங்கின அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் காதர் பாய்க்கு என் மேல் கொஞ்சம் பயம் உண்டு, அவர் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

நான் ஒன்றும் சொல்லாமல் ரூபாயையும் உடைந்த பெட்டியையும் எடுத்து மேஜையில் வைத்தேன். பாய் ரூபாயைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார். "அல்லாவே, யாரு ஆச்சி இந்த வேலையப் பாத்தது?" என்றார். நான்தான் என்றேன். "எதக் கொண்டு ஒடச்சீக?" பாக்குவெட்டி என்றேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நான் கேட்டேன், காசு அதே காசுதானே பாய், ஏன் விலை குறைய வேண்டும் என்று. அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஆச்சி, பெட்டிக்குள்ள இருக்கிறப்ப கம்பெனி பேசும். இது அசல், இது கழுவாதது, இந்த மார்க்குன்னு அவுக ஜவாப்பு. வெளிய வந்துருச்சுன்னா அந்த ஜவாப்பு அத்துப்போச்சு. இனிமே நாமதான் பேசணும். நாம பேசுனா எவன் நம்புவான்?"

அவர் இரண்டு காசுகளை எடுத்து வைத்தார். ஒரே வருஷம், ஒரே வகை. ஒன்று பெட்டியில், ஒன்று வெளியில். எது நல்ல காசு என்று என்னைக் கேட்டார். லென்ஸை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு வெளியில் இருந்ததைக் காட்டினேன். "எனக்கும் அதுதேன். ஆனா வாரவுகள்ல பத்துப் பேர்ல ஒம்போது பேரு பெட்டியத்தேன் கேக்குறாக, அதுவும் வெல கூடக் குடுத்து. ஏன்னா அவுகளுக்குப் பாக்கத் தெரியாது, பாக்கத் தெரிஞ்ச ஒருத்தன் பாத்துட்டான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். பரீட்சை எழுதுகிறவனை விட்டுவிட்டு மார்க் ஷீட்டைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் உன்னைப் பெங்களூருவில் வேலைக்கு எடுத்தவர்களும் அதைத்தானே செய்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார், அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. வேண்டுமென்றே உடைப்பவர்களும் இருக்கிறார்களாம். மார்க் கம்மி என்று தோன்றினால் உடைத்து, திரும்ப அனுப்புவார்களாம். ஒரு மார்க் கூட வந்தால் கொள்ளை லாபம், ஒன்று குறைந்தால் தலையில் துண்டு. அதே காசு, அதே கம்பெனி, இரண்டு தடவை இரண்டு மார்க் வருமாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் பெட்டி மேல் இருந்த மரியாதை பாதி போயிற்று, அதே சமயம் பாவமாகவும் இருந்தது. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவளுக்குத் தெரியாதா, காலையில் திருத்தினால் ஒரு மார்க், பசியோடு திருத்தினால் ஒரு மார்க். சாதாரணக் காசாக இருந்தால் பெட்டியை உடைப்பதால் ஒன்றும் இல்லை, பல காசுக்குப் பெட்டிக்கூலிதான் காசை விட அதிகம் என்றார். ஆனால் இந்த மாதிரி அபூர்வமான காசுக்குத்தான் அடி. வாங்க வருகிறவன் முதலில் கேட்பது, நல்ல பெட்டியை ஏன் உடைத்தார்கள், உள்ளே ஏதாவது கோளாறா என்பது. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப அனுப்பி, அதே மார்க் வந்தால் தப்பிக்கலாம். வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இன்றைக்கு இப்படியே விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். உன் சென்னை ஆள் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றார். மதுரையில் அவருக்குத் தெரிந்த ஒருவரிடமும் அங்கேயே போன் போட்டுக் கேட்டார். அவர் பாதிக்குக் கொஞ்சம் கீழ் என்றார். ஆக, என் கேள்விக்குப் பதில் நீ பயந்ததுதான். விலை குறையும். நான் குறைத்துவிட்டேன். கூரையில் பாதியை ஒரு பாக்குவெட்டியால் கடித்துத் துப்பிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. உனக்குப் பத்து வயது. மலேயா, சிலோன், பர்மா என்று உறவுக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கி அறுபதோ எழுபதோ காசு சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாய். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வைக்கப் போகிறாய் என்றதும், முந்தின நாள் நீ விளையாடப் போயிருந்தபோது, புளியும் பல்பொடியும் போட்டு அத்தனையையும் தேய்த்துப் பளபள என்று ஆக்கி வைத்தேன். என் பிள்ளை பரிசு வாங்குவான் என்று பெருமை வேறு. நீ வந்து டப்பாவைத் திறந்து பார்த்தாய். அழவில்லை. ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, எல்லாம் ஒரே மாதிரி ஆயிருச்சும்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ சேர்த்த எதையும் என் கண்ணில் படும்படி வைத்ததில்லை. உன் அலமாரிக்குப் பூட்டு வந்தது அந்த மாதம்தான். காசை உடைக்க முடியாத பெட்டிக்குள் வைக்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேலி பேசியிருக்கிறேன். என்னிடமிருந்து காப்பாற்றத்தான் வந்தது. அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. இப்போது கேட்கிறேன். அந்த எழுபது காசுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

நித்யாவோடு குடித்தனம் செய்யும்போது அவள் பொருளில் கை வைப்பதற்கு முன்னால் அவளிடம் கேள். நல்லது செய்கிறோம் என்று தோன்றும்போது கட்டாயம் கேள். நித்யா, நீயும்தான். ஏதாவது உடைந்தால் உடைத்தவர் முதலில் வாய் திறந்துவிடுவது நல்லது. எனக்கு அது அறுபத்து மூன்று வயதில்தான் வந்திருக்கிறது, உங்களுக்குச் சீக்கிரம் வரட்டும்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். எட்டு வீட்டிலிருந்தும் வந்து முகப்பில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாத்தப்ப பெரியப்பச்சி நடுவில். அவர் கண்டிப்பு உனக்குத் தெரியும், போன படைப்பில் பாயசத்தில் முந்திரி இரண்டாகப் பிளந்து போடவில்லை என்று ஒரு மணி நேரம் பேசினவர். காப்பி கொடுத்து முடிந்ததும் "பையக் கொண்டாத்தா" என்றார். நான் பேழையைத் திறந்து, பிரிந்த பட்டுத் துணியை ஒரு தட்டிலும் ரூபாயை ஒரு தட்டிலும் வைத்து எல்லாருக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். உன் அப்பச்சி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு, கம்பெனி, பெட்டி, கூரை, தேய்ந்த ரூபாய், பாக்குவெட்டி வரை. உன் பேரை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே மட்டும் சொன்னேன். பேழையை நம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், உன் அப்பச்சிக்கு எழுபது வயதில் என்னால் இந்தத் தலைகுனிவு என்றுதான் நினைத்தேன்.

பெரியப்பச்சி தட்டைப் பார்த்தார், கண்ணாடி இல்லாததால் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏத்தா, ஓரத்துல கருநீலமா ஒரு வளையம் ஓடுமே, அதக் கழுவித் தொலைச்சிரலயே?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. "இல்ல, அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எல்லாரும் அவரைப் பார்ப்பதைக் கவனித்தேன். பையைப் பிரிக்காதவருக்கு வளையம் எப்படித் தெரியும்? அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது, என்ன சொல்லிவிட்டோம் என்று. காதெல்லாம் சிவந்துபோயிற்று. "எங்க வீட்ல பேழை இருந்தப்ப ஒருக்கா பாத்தேன். ஒரே ஒருக்கா. தொடல, துணியோடதேன் பிடிச்சுப் பாத்தேன். அன்னிக்கே தச்சும் வச்சுட்டேன்" என்றார். கோட்டையூர் மெய்யம்மை ஆச்சி சிரிக்க ஆரம்பித்தது. "அண்ணே, நீங்க ஒருக்கா. நான் பேழை வாரப்பல்லாம்" என்றது. அப்புறம் ஒவ்வொருவராக வந்தது. எட்டு வீட்டில் ஆறு வீடு பிரித்திருக்கிறது, தம்பி. பிரித்துப் பார்த்து, திரும்பத் தைத்து, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் வருஷாவருஷம் அழுத்தி அழுத்தி "இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். மீதி இரண்டு வீட்டுக்காரர்களும் ஏமாந்துபோன முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், நமக்கு ஏன் இது தோன்றாமல் போயிற்று என்று. துணிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றாயே, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தேய்ந்த ரூபாயை வைத்துத் தைத்திருந்தால் அடுத்த முறை வாங்கும் வீட்டிலேயே நம் மானம் கப்பலேறியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொன்னால் நீ தலையில் கையை வைத்துக்கொள்வாய். பார்க்காத அந்த இரண்டு வீட்டாரும் பார்க்க வேண்டும் என்றார்கள். ரூபாயை எடுத்தார்கள். வெறும் கையால், கட்டைவிரலை ராணி முகத்தில் வைத்து. அவர்கள் பார்த்துவிட்டு அடுத்தவரிடம், அவர் அவருடைய மருமகளிடம், அவள் பிள்ளையிடம். விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் வெள்ளியை என்ன செய்யும் என்று பாடம் நடத்தியவள் நான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மெய்யம்மை ஆச்சி அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, "ஆத்தா கையில இருந்தது" என்று சொன்னபோது பாடத்தை விழுங்கிவிட்டேன். காதர் பாய் சொன்ன பாதி விலையில் இன்னொரு பாதி அங்கேயே போயிருக்கும். யாரும் கூரை விலையைக் கேட்கவில்லை. பெரியப்பச்சிதான் கடைசியில், தன் தப்புக்கு அபராதம் கட்டுகிற மாதிரி, "எட்டு வீடும் சேந்து கூர ஓட்ட மாத்திப்புடுவோம், இனிமே இதப் பத்திப் பேச்சு வேணாம்" என்றார்.

அங்கேயே, எல்லார் முன்னாலும், என்னைத் தைக்கச் சொன்னார்கள். பட்டை மடித்து, ரூபாயை வைத்து, மூன்று பக்கம் தைத்து நாலாவது பக்கம் வந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. இந்த எட்டு வீட்டிலும் நீ ஒருவன்தான் அதைத் தொடவில்லை. நான் பையைப் பிரித்த அன்று, போய் உன் அலமாரியிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துதான் ரூபாயை வாங்கினாய். அதற்குப் பிறகு கம்பெனிக்காரன் இடுக்கி, அப்புறம் பிளாஸ்டிக். உன் சொந்த ஆத்தா காசு, உன் தோல் மேல் ஒரு நாளும் பட்டதில்லை. ஊசியை நிறுத்திவிட்டேன். "என்னத்தா?" என்றார் பெரியப்பச்சி. அவன் இன்னும் கையால தொடலைங்க, இந்த ஒரு பக்கம் தைக்காம இருக்கட்டும் என்றேன். "வரச் சொல்லு. கூடவே அந்தப் பொண்ணையும்" என்றார்.

படைப்புக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. நீ கோபப்படலாம், உனக்கு உரிமை இருக்கிறது, வந்து என் முகத்துக்கு நேராகக் கோபப்படு. பை பேழைக்குள் இருக்கிறது, ஊசியை நூலோடு துணியிலேயே குத்தி வைத்திருக்கிறேன். வரும்போது கையுறை எடுத்து வராதே.

அம்மா